சம்பந்தியை அனுப்பிவைத்த ஊர்

மதிய வேளைகளில் மின்சாரம் நின்றால், மாவட்ட எரிசக்தி அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர் இருமத் தொடங்கும். முதலில் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம், பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற இருமல், அதற்கப்புறம்தான் சீரான ஓட்டம். லிஃப்ட் நகரும். இயக்குநர் அறையில் ஏசி விட்ட இடத்திலிருந்து தொடரும். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். இரண்டாவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த திட்டப் பொறியாளருக்கு மட்டும் அது யாருடைய இருமல் என்று தெரியும். பள்ளிக்கூடப் பாடத்தை அவள் அந்தச் சத்தத்தோடுதான் படித்தாள்.

மேல் ஆற்றில் அவள் பிறந்த குடியிருப்பில் அதற்குச் சம்பந்தி என்று பெயர். வைத்தவர் அவளுடைய அக்காவின் கணவர். "குடிச்சுக்கிட்டே இருக்கணும், கூப்பிட்ட உடனே வரக் கூடாது, வந்தாலும் கத்தணும். ஆனா அவர் இல்லாம ஒரு காரியம் நடக்காது. வேற யாரு? சம்பந்திதான்" என்பார்.

கோடையில் சம்பந்தி படகேறி ஊரைவிட்டுப் போனது. துறையின் கிடங்கில் ஒரு மூலையில் கிடக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். "நல்லா ஓடுறதை எதுக்கு மேடம் துருப்பிடிக்க விடணும்?" என்று கிடங்குக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து மின்சாரம் போன நேரங்களில் அவள் லிஃப்டில் ஏறுவதில்லை. படியேறுவதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

நாட்டுக்கு வரைபடம் போடுவதற்கு முன்பிருந்தே மேல் ஆற்று மக்கள் அந்தக் கரைகளில் இருக்கிறார்கள். வரைபடம் போட்ட பிறகும் மின்கம்பம் அங்கே போகவில்லை. தார்ச்சாலை படித்துறையோடு முடிந்துவிடும், அதற்கு மேல் படகுதான். டீசல் பீப்பாயில் வரும், ஆற்றில் வெள்ளம் என்றால் வராது. தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குத் தூய மின்சாரம் என்று அரசு நிதி ஒதுக்கியபோது, அந்தப் பக்கத்திலிருந்து படித்து வந்த ஒரே பொறியாளர் அவள். முதலில் ஒரு குடியிருப்பு, மாதிரிக்கு. அது நின்று காட்டினால் ஆற்றுக்கு மேலே உள்ள மற்ற ஊர்களுக்கும் பணம் வரும். எந்த ஊரை முதலில் எடுக்கலாம் என்று கேட்டபோது அவள் தன் ஊரைச் சொன்னாள். அது அங்கு பிறந்தவள் என்ற ஆசை மட்டும் இல்லை. அக்கா புருஷனான மாமாவுக்குக் கல்குவாரித் தூசியில் நுரையீரல் போயிருந்தது. மூக்கில் குழாய் வைத்துக் காற்றைத் தருகிற மெஷின் இல்லாமல் அவரால் ஒரு பகலைக்கூட நிம்மதியாகத் தள்ள முடியாது. அந்த மெஷினுக்காகச் சம்பந்திக்கு ஊற்றிய டீசலுக்கே அக்காவின் சம்பாத்தியம் போய்க்கொண்டிருந்தது.

சூரிய மின்பலகைகள் வந்தன, பேட்டரி அறை வந்தது, வீட்டுக்கு வீடு கம்பி இழுத்தார்கள். ஊர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டது. "சின்னப்பிள்ளையில ஒல்லியா இருக்கியேன்னு உனக்குக் கம்பின்னு பேர் வெச்சோம். பேருக்கு ஏத்த மாதிரியே ஊருக்குக் கம்பி இழுத்துட்டடி" என்று அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

பிறகு ஒரு நாள் இயக்குநர் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆற்றுக்கு மேலே இருந்து வந்தவளுக்கு இவ்வளவு பெரிய வேலையா என்று மற்றவர்கள் முகத்தைச் சுளித்தபோது அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தவர் அவர்தான். அதனாலேயே அவரிடம் மறுத்துப் பேச அவளுக்கு நாக்கு எழாது.

"பழைய ஜெனரேட்டர் பத்தி விதியில என்னம்மா இருக்கு?"

"ஒரு மழைக்காலம் முழுசாப் பார்க்கிற வரைக்கும் துணைக்கு வெச்சுக்கலாம்னு இருக்கு சார்."

"வெச்சுக்கிட்டா நம்மளைக் 'கலப்பு'ன்னு ஒரு ஓரத்துல போட்டுடுவாங்க. டீசலே இல்லைன்னா முழுப் பசுமைக் குடியிருப்பு. நாட்டுக்கே முதல் ஊர். நிதித்துறைக்காரங்க பணத்தை வெச்சுக்கிட்டு உங்க ஆளுங்களைத் தேடி வருவாங்க. மேல இருக்கிற ஊரெல்லாம் இன்னும் இருட்டுல கிடக்கட்டும்னா சொல்றீங்க?"

அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் மேகம் எப்படிப் படுத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். பேட்டரியின் அளவைக் கணக்குப் போட்டவளே அவள்தான். அந்தக் கணக்குக்குள் சம்பந்தியும் ஓர் ஆளாக நின்றது. அதை அவள் சொல்லவில்லை. "ஊர்ல கேட்டுடலாம் சார்" என்றாள். கேட்பது தானாக இருந்தால் என்ன பதில் வரும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

ஊர்க்கூட்டத்தில் அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். "மழைக்குத் தாங்குமா தாயி?" என்று ஒருவர் மட்டும் கேட்டார். "தாங்கும்" என்றாள். கேட்டவர் தரையைப் பார்த்தார். அப்போது அக்கா எழுந்தாள். "என் தங்கச்சி சொல்றா. நம்ம வீட்டுப் பொண்ணு நமக்குக் கெடுதல் பண்ணுவாளா? அனுப்பிடுவோம்." அந்த ஊரில் ஜெனரேட்டர் போனால் அதிகம் இழக்கப்போவது அக்காதான். அவளே சொன்ன பிறகு வேறு யாருக்கும் வாய் வரவில்லை. இயக்குநர் முதலில் கை தட்டினார்.

திட்ட அறிக்கையின் அட்டையில் மாமாவின் படத்தைப் போட்டவளும் அவள்தான். மூக்கில் குழாய், முகத்தில் சிரிப்பு, பின்னால் ஜன்னல் வழியே தெரிகிற பலகை. படத்துக்குக் கீழே 'சூரியன் தந்த மூச்சு' என்று எழுதினாள். எழுதிய அன்று அந்த வரி அவளுக்குப் பிடித்திருந்தது.

நிதி ஆய்வாளர் தலைநகரிலிருந்து வந்த நாளில் மழை ஊரின் மேல் உட்கார்ந்திருந்தது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய மனிதர். படகிலிருந்து இறங்கும்போது காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பேன்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று படகுக்காரரிடம் கேட்டார்.

"நடுவுல ஒரு நாள் சூரியன் வந்துச்சு சார். தூரத்துச் சொந்தம் மாதிரி, தலையைக் காட்டிட்டு உக்காராமப் போயிடுச்சு."

ஆய்வாளர் சிரித்தார். இயக்குநரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பொதுக்கூடத்தில் கல்யாண வீடு மாதிரி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தக் குளிரிலும் எல்லா மின்விசிறிகளும் சுற்றின. முன்வரிசையில் இருந்தவர்கள் துண்டால் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மைக், பெரிய திரை, டீ போட மின்சார அடுப்பு எல்லாம் இருந்தன. மருந்து வைக்கிற குளிர்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்து, விளக்கு தெரியட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். அக்கா புதுச் சேலையில் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கண்ணால் ஒருமுறை சிரித்தாள். எப்படி இருக்கு பார்த்தியா என்று கேட்கிற சிரிப்பு.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் ஏதோ குறைவது போல இருந்தது. அந்த வீட்டில் எப்போதும் ஒரு உறுமல் இருக்கும், தூங்குகிற நாய் மாதிரி. அது இல்லை. மெஷினின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது.

மாமா பின்வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, மழைக்காற்றை வாயால் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மாமா! மெஷின் ஏன் ஓடல?"

"அதுக்கு... இன்னைக்கு... லீவு." ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. "கவர்மென்ட் ஆளுங்க... வந்திருக்காங்கல்ல."

"துணைக்கு வெச்சிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் எங்க?"

மூலையைக் கை காட்டினார். சிலிண்டர் படுத்த வாக்கில் கிடந்தது. காலால் தட்டியதும் வெற்றுச் சத்தம் வந்தது.

"எத்தனை நாளா இப்படி மாமா? அக்காவுக்குத் தெரியுமா?"

அவர் சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்கக் காத்திருந்து, "வேற யாரு... அணைச்சாள்னு... நினைக்கிற?" என்றார். பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ. கூட்டம் முடியட்டும். நான் என்ன... ஓட்டப்பந்தயமா... ஓடப்போறேன்?"

அவள் மெஷினின் பொத்தானை அழுத்தினாள். அது ஒருமுறை சிணுங்கிவிட்டு நின்றது. மழையில் பேட்டரி அறைக்கு ஓடினாள்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்பவனை ஊரில் சுவிட்ச் என்று கூப்பிடுவார்கள். அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவளைப் பார்த்ததும் எழுந்து, திரையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"கம்பி, நீ இங்க எதுக்கு வந்த? மேடையில போய் உக்காரு."

"நகருடா."

"நனைஞ்சுட்ட. துண்டு தரவா?"

"நகருன்னு சொன்னேன்."

நகர்ந்தான். திரையில் இருந்ததை அவள் ஒருமுறைதான் பார்த்தாள். பேட்டரி அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எல்லா வீட்டு லைனையும் அணைச்சுத்தான் வெச்சிருக்கோம்" என்றான் அவன், அவள் திட்டுவதற்குள் முந்திக்கொள்கிற அவசரத்தில். "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் கூடத்துக்கு இழுத்துடும். நான் கணக்குப் பார்த்துட்டேன்."

"வீட்டுக்குக் கொடுக்கணும். இப்பவே."

"ரெண்டும் சேர்ந்து இழுத்தா மொத்தமும் படுத்துடும். ஒண்ணு கூடம், இல்லைன்னா வீடு."

"யாருடா இப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. மேகம் மூடினதும் உங்க அக்கா வந்தாங்க. 'பகல்ல எங்க வீட்டு மெஷினை நிறுத்திக்கிறோம், தங்கச்சி பெரிய ஆளுங்களைக் கூட்டிட்டு வர்ற அன்னைக்கு இருட்டா இருந்தா அவளுக்குத் தலைகுனிவு'ன்னாங்க. அவங்களே நிறுத்தறப்ப நாங்க லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? அப்படியே ஒவ்வொரு வீடா அணைச்சுட்டாங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"உனக்குச் சொன்னா நீ மேல சொல்லணும். மேல சொன்னா உன் பேர் கெடும்." அவன் அதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் ஆறு ஏறும் என்பது போலச் சொன்னான்.

கூடத்து லைனின் கைப்பிடி அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பிடித்தாள். இப்போது இழுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் எல்லாம் வெளியே வரும். மேலே உள்ள ஊர்களுக்கு வர வேண்டிய பணம் நின்றுபோகும். அத்தனை குடும்பங்களின் வெளிச்சத்துக்கு முன்னால் அரை மணி நேரம் என்ன பெரிய விஷயம்? நியாயம் என்று ஒன்று வேண்டும் என்றதும் அது எவ்வளவு வேகமாகக் குளித்து, தலைவாரி வந்து நின்றுவிடுகிறது. அவள் கைப்பிடியை விட்டாள்.

"கூட்டத்தைச் சீக்கிரம் முடிச்சுடறேன்" என்றாள். சுவிட்ச் தலையாட்டினான். அவனுக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை என்பது அவளை இன்னும் கூச வைத்தது.

கூடத்தில் இயக்குநர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். இடையில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது அவள் குனிந்து, "சார், சீக்கிரம் முடிச்சுக்கலாமா? மழை வலுக்குது" என்றாள். மழையை மட்டும்தான் சொன்னாள்.

"வீடியோ இன்னும் போடலையேம்மா" என்று அவர் கிசுகிசுத்தார்.

நிதி ஆய்வாளர் மடியில் அறிக்கை இருந்தது. அவர் அட்டையைத் தட்டிக்கொண்டே, டீத் தட்டோடு வந்த அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் படத்துல இருக்கிறவர் உங்க வீட்டுக்காரர்தானேம்மா? அவரைப் பார்க்கணுமே. அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் நானே வந்தேன்."

அக்காவின் கையில் தட்டு அசையவில்லை. "அவர் கீழ ஊருக்கு, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கார் சார்."

"மெஷின் இல்லாமயா?"

"இப்பல்லாம் அவ்வளவு தேவைப்படறதில்ல சார். நல்லாத் தேறிட்டார்." சொல்லிக்கொண்டே அக்கா தங்கையைப் பார்த்தாள்.

ஆய்வாளரும் திரும்பி அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமா சார்" என்றாள் அவள்.

"பாருங்க, கரண்ட்டு மட்டும் இல்ல, ஆரோக்கியமும் வந்திருக்கு" என்று இயக்குநர் மைக்கிலேயே சொன்னார். கூடம் கை தட்டியது. அவளும் தட்டினாள். ஊர்க்காரர்கள் எல்லோரும் தட்டினார்கள். மாமா பின்வாசலில் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தவர்கள், அவளைப் பார்த்துக்கொண்டே, அவளுக்காகத் தட்டினார்கள்.

திரையில் வீடியோ ஓடியது. ஆறு, பலகைகள், வெயிலில் ஜொலிக்கிற கூரைகள். பிறகு மாமாவின் முகம், கூடத்தின் சுவர் அளவுக்குப் பெரிதாக வந்தது. "இப்ப ராத்திரி பூரா நிம்மதியா மூச்சு விடறேன்" என்றார் திரையில். அந்த வாக்கியத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். முதல் தடவை 'நிம்மதியா'வை விட்டுவிட்டார் என்று மறுபடி சொல்ல வைத்து எடுத்தாள். முன்வரிசையில் அந்த மனிதர், மழைக்குத் தாங்குமா தாயி என்று அன்று கேட்டவர், திரையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா வாசலோரம் நின்று, திரையில் இருந்த புருஷனை விட்டுவிட்டு, மழைக்கு அப்பால் தன் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள் லேசாக அசைந்தன. அவர் மூச்சை எண்ணுகிறாளா, கடவுளைக் கூப்பிடுகிறாளா என்று தெரியவில்லை.

தங்கை எழுந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் மழையில் இறங்கினாள். பேட்டரி அறைக்குள் போய், சுவிட்ச் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் கைப்பிடியை இழுத்தாள். கூடத்தின் ஸ்பீக்கர் பாதிச் சொல்லில் நின்றது. அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும்.

"வீட்டு லைனைப் போடு. அந்த ஒரு வீடு மட்டும்."

"அக்கா என்னைக் கொன்னுடுவாங்க."

"போடுடா!"

வீட்டுக்கு ஓடி மெஷினை ஓடவிட்டு, மாமாவின் மூக்கில் குழாயைச் சொருகி, காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டாள். அவர் அவளைத் தடுக்க ஒரு கையைத் தூக்கிவிட்டு, காற்று வந்ததும் அந்தக் கையைக் கீழே போட்டார்.

அவள் திரும்பிக் கூடத்துக்கு வந்தபோது எல்லோரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். அக்கா நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "எலிதான் சார். இந்த மழைக்கு எல்லாம் உள்ள வந்து வயரைக் கடிச்சுடுது. இதோ இப்ப வந்துடும்."

"சின்னக் கோளாறுதான்" என்றார் இயக்குநர். "அதுக்குத்தானே நம்ம பொறியாளரே இருக்காங்க. என்னம்மா, எலியைப் பிடிச்சாச்சா?"

சிலர் சிரித்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். எலி எல்லாப் பழியையும் சுமந்துகொள்ளும்.

"எலி இல்ல சார். நான்தான் அணைச்சேன்."

"கம்பி, சும்மா இரு" என்றாள் அக்கா, சிரிப்பு மாறாமல்.

"அவர் கீழ ஊருக்குப் போகல. வீட்டுலதான் இருக்கார். இந்தக் கூடத்துல லைட் எரியணும்னு அவர் மெஷினை அணைச்சு வெச்சிருந்தாங்க. மழை தொடங்கினதுல இருந்து ஊர்ல எந்த வீட்டுலயும் லைட் இல்ல." அவள் ஆய்வாளரைப் பார்த்துப் பேசினாள். இயக்குநரைப் பார்க்க முடியவில்லை, அக்காவைப் பார்க்கவே முடியவில்லை. "பேட்டரி மழைக்குத் தாங்காதுன்னு எனக்குத் தெரியும். ஜெனரேட்டரை வெச்சுக்கலாம்னு விதி இருக்கிறதும் தெரியும். ஊர்ல கேட்டப்ப ரெண்டையும் நான் சொல்லல."

ஆய்வாளர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க என்கிட்ட சொன்னது என்னம்மா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அக்கா கையில் இருந்த காலித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்றாள். அந்தச் சேலையின் மடிப்பு இன்னும் கலையவில்லை.

ஆய்வாளர் வீடுவரை நடந்து வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். மாமா கும்பிட்டார்.

"வாங்க சார். படத்துல இருக்கிறதைவிட... கொஞ்சம் இளைச்சுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் உள்ளே வந்து, மெஷின் பக்கத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு, "நீங்க பேச வேண்டாம்" என்றார். போகும்போது அவளிடம், "நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவேன். மத்த ஊர்களோட பணம் தள்ளிப்போகலாம். போகாமலும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கிறது நான் இல்ல" என்றார். அறிக்கையைப் பைக்குள் வைக்கும்போது அட்டை உள்பக்கமாக இருக்கும்படி திருப்பி வைத்தார்.

ஊர்ப் படித்துறையில் இயக்குநர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "காதுல வந்து சொன்னியே, மழை வலுக்குதுன்னு. இதைச் சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருக்க மாட்டேனா?"

நிறுத்தியிருப்பாரா என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லிப்பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும். "ஜெனரேட்டர் உடனே வேணும் சார்" என்றாள்.

"அதை எடுத்தா லிஃப்ட்..." என்று தொடங்கியவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள். "கிடங்குக்குப் போன் பண்ணு. கையெழுத்து நான் போடறேன்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினார். அவளை ஏறச் சொல்லவில்லை. அவளும் ஏறவில்லை.

வீட்டில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. மாமா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். உதட்டில் நிறம் திரும்பத் தொடங்கியிருந்தது. அக்கா புதுச் சேலையை மாற்றிவிட்டு, கூடத்திலிருந்து வந்த டீக் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதின.

"அக்கா, இப்படி நடக்கும்னு..."

"அவருக்கு மூச்சு முட்டினது எனக்குத் தெரியாதாடி?" அக்கா திரும்பாமலே பேசினாள். "நாந்தானே பக்கத்துல படுத்திருக்கேன்."

"உன்னைக் காட்டிக்கொடுக்கணும்னு..."

"என் பக்கத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய்க் கூடத்து லைட்டை அணைச்சிருப்பேன். 'அக்கா, போதும்'னு ஒரு வார்த்தை. நீ என்ன பண்ணின? நான் பொய் சொல்றப்ப ஆமாம் போட்ட, உக்காந்து கை தட்டின. அப்புறம் எந்திரிச்சு ஊரு முன்னாடி உண்மை பேசின. ரெண்டுலயும் மாட்டினது நான்தான்."

அக்கா சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை.

"அந்த மனுஷன் என்னைப் பார்த்துக் கேட்டாரே. அப்போ உன் முகத்தைப் பார்த்தேன். நீ வேற எங்கேயோ பார்த்துக்கிட்டிருந்த." அக்கா கடைசிக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி தலையை நீட்டி, மாமாவைப் பார்த்துவிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்றாள். பிறகு தங்கையிடம், "சாப்பிட்டியா கம்பி? நனைஞ்ச துணியோட நிக்காத, சளி பிடிக்கும்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, இருட்டிக்கிடந்த தன் வீட்டுக்குப் போனாள். வேறு யாராவது வந்து திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் வரவில்லை.

கிடங்குக்குப் போன் போட்டாள். கிடங்குக்காரர் நீட்டி முழக்கினார். லிஃப்ட் ஆளைக் கேட்கணும், ஏற்றுவதற்கு ஆள் வேணும், படகுக்காரர் மழையில் வருவாரா என்று தெரியாது. அவள் கெஞ்சினாள், அதிகாரம் செய்தாள், மறுபடி கெஞ்சினாள். ஒருவழியாக, நாளை விடிந்ததும் படகில் ஏற்றிவிடுவதாக ஒப்புக்கொண்டார். அதிகாரிகளை இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கும் படகுக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று எண்ணைத் தேடும்போது போன் எச்சரிக்கை கொடுத்தது. அவள் பையிலிருந்து சார்ஜரை எடுத்து, யோசிக்காமல், மெஷினுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த துளையில் சொருகிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து மறுபடி எண்ணைத் தேடினாள்.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். குனிந்து, எதுவும் சொல்லாமல், சார்ஜரைப் பிடுங்கினாள். வயரைச் சுற்றி, பிள்ளையிடம் கொடுப்பது போல அவள் மடியில் வைத்தாள்.

"அவருக்கே பத்தாதுடி" என்றாள். அதில் கோபம்கூட இல்லை.

அவள் எழுந்து, படகுக்காரரை நேரில் பார்த்துச் சொல்ல மழையில் இறங்கினாள்.